பாட ஒலிப்பதிவை எழுத்தாக்க விஸ்பர்: என் மதிப்பீடு

இணையவழிக் கணக்கியல் பயிற்சி ஒன்றின் விளக்கவுரைகளைக் காது கேளாத மாணவர்களும் படிக்கும்படி எழுத்தாக்கும் பணிக்காக, ஓபன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் என்ற திறமூல மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறேன். கட்டணம் இல்லை; ஒலிக்கோப்பு நம் கணினியை விட்டு வெளியே போவதும் இல்லை.

6,80,000 மணி நேரப் பன்மொழி ஒலிப்பதிவுகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட இது, ஒலியை 30 விநாடித் துண்டுகளாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் தொடக்க, முடிவு நேரங்களைக் குறித்து, காணொளியில் அப்படியே இணைக்கத்தக்க வசன வரிக் கோப்பாகத் தருகிறது. எனக்கு மிகவும் பிடித்தது, பாடத்தில் வரும் கலைச்சொற்களை முன்கூட்டியே குறிப்பாகக் கொடுக்கும் வசதிதான். ‘தேய்மானம்’, ‘ஐந்தொகை’, ‘ஜர்னல் என்ட்ரி’ என்று மூன்றையும் எழுதிக் கொடுத்த பிறகு, அடுத்த பாடத்தில் அவை பிழையின்றி வந்ததைக் கண்டு உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

பேச்சில்லாத இடைவெளிகளில் யாரும் சொல்லாத வாக்கியத்தை இது எழுதிவிடக்கூடும் என்பது பரவலாக அறியப்பட்ட குறை. யார் பேசுகிறார் என்பதையும் பிரித்துக் காட்டாது. ஆகவே தலைப்பிசை, நீண்ட மௌனம் ஆகியவற்றை முதலிலேயே வெட்டிவிடுவது நல்லது. விஸ்பர் சிறியதும் பெரியதுமான பல மாதிரிகளாக (பயிற்றுவிக்கப்பட்ட வடிவங்களாக) கிடைக்கிறது; பெரிய மாதிரிக்கு நல்ல வரைகலை அட்டை (GPU) தேவை. சாதாரண மடிக்கணினியில் பொறுமை வேண்டும். எண்கள் வரும் இடங்களை மட்டுமாவது ஒலியோடு ஒப்பிட்டுப் படித்த பின்பே மாணவர்களிடம் கொடுங்கள். கணக்குப் பாடத்தில் ஒரு சுழியம் விடுபட்டாலும் விடை மாறிவிடும்.