சப்ளிமெண்ட் டப்பாவில் உள்ள தர முத்திரைகள்: எதற்கு என்ன மதிப்பு?

அமெரிக்கச் சந்தையில் விற்கும் வைட்டமின், மீன் எண்ணெய், மூலிகைச் சாறு, புரதப் பொடி டப்பாக்களில் வட்டமாகவும் கேடய வடிவிலும் பல முத்திரைகளைப் பார்க்கலாம். இவற்றில் யு.எஸ்.பி., என்.எஸ்.எஃப்., இன்ஃபார்ம்டு ஸ்போர்ட், கன்ஸ்யூமர்லேப் ஆகிய நான்கும் ஆய்வகச் சோதனைக்குப் பிறகு தரப்படுபவை. மற்றவற்றில் பல, டப்பாவை வடிவமைத்தவர் வரைந்து சேர்த்தவை. இந்த நான்கு சேவைகள் எதைச் சோதிக்கின்றன, எதைத் தொடுவதே இல்லை, வாங்குபவருக்கு எது உதவும் என்பதே இங்கே கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சாதாரண வைட்டமின், தாது மாத்திரைகளுக்கு யு.எஸ்.பி. முத்திரை போதும். ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்படும் விளையாட்டு வீரர் என்.எஸ்.எஃப். ஸ்போர்ட் அல்லது இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் இல்லாத எதையும் வாயில் போடக் கூடாது. எடைக் குறைப்பு, ஆண்மை, தசை வளர்ச்சி என்று விற்கும் சரக்குகளை முத்திரை இல்லாமல் யாருமே வாங்க வேண்டாம்.

முத்திரைக்கான தேவை சட்டத்திலிருந்தே வருகிறது. 1994-இல் வந்த சப்ளிமெண்ட் சட்டம் இவற்றை உணவின் ஒரு வகையாக வைத்தது. ஒரு புதிய மருந்து கடைக்கு வருமுன் அது பாதுகாப்பானது, பலன் தருவது என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் நிரூபித்தாக வேண்டும். சப்ளிமெண்டுக்கு அந்தக் கட்டமே கிடையாது. 1994 அக்டோபர் 15-க்கு முன் விற்பனையில் இல்லாத புதிய மூலப்பொருளைச் சேர்த்தால் 75 நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும்; அதுவும் அறிவிப்புதான், அனுமதி வாங்குவது ஆகாது. விற்பனையில் உள்ள ஒரு பொருள் ஆபத்தானது என்றால் அதை நிரூபிக்கும் சுமை எஃப்.டி.ஏ.வின் தலையில் விழுகிறது. இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கேடு செய்த எஃபெட்ரா என்ற எடைக் குறைப்பு மூலிகையைத் தடை செய்ய 2004 வரை ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

2007-இல் வந்த உற்பத்தி விதிகள் நிலைமையை ஓரளவு சீராக்கின. உள்ளே போகும் ஒவ்வொரு சத்துப்பொருளும் சொல்லப்பட்ட பொருள்தானா என்று தயாரிப்பாளர் சோதித்தாக வேண்டும். ஆனால் வீரியம் எவ்வளவு, ஈயம் எவ்வளவு வரை இருக்கலாம் என்ற வரம்புகளைப் பெரும்பாலும் தயாரிப்பாளரே தனக்கு வகுத்துக்கொள்கிறார். அடையாளச் சோதனை தவிர்த்த மற்றவற்றுக்கு, நம்பகமானது என்று சரிபார்த்த சப்ளையர் தரும் பகுப்பாய்வுச் சான்றிதழே போதும். அந்தச் சான்றிதழில் பொய் நுழைந்தால் மாத்திரையிலும் பொய் நுழைகிறது.

இப்போது, வெறும் அலங்காரமாக இருக்கும் முத்திரைகளைத் தள்ளிவிடலாம். "எஃப்.டி.ஏ.வில் பதிவு பெற்ற ஆலை" என்பது தரத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. 2002-இல் வந்த சட்டப்படி உணவு தயாரிக்கும் எல்லா ஆலைகளும் பதிவு செய்தாக வேண்டும். "எஃப்.டி.ஏ. அங்கீகாரம் பெற்றது" என்று ஒரு சப்ளிமெண்ட் டப்பாவில் இருந்தால் அது பொய், அப்படி ஒரு அங்கீகாரமே இல்லை. "ஜி.எம்.பி. தரம்" (நல்ல உற்பத்தி முறை) என்ற வட்டத்துக்குள் தணிக்கை செய்த அமைப்பின் பெயர் இல்லையென்றால் அதற்கு மதிப்பில்லை. பெயர் இருந்தாலும் அது ஆலையின் ஒழுங்கைச் சொல்கிறதே தவிர, கையில் இருக்கும் டப்பாவைச் சொல்லவில்லை. "ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது", "மருந்துத் தரம்" போன்ற சொற்களுக்குச் சப்ளிமெண்டுகளில் சட்ட வரையறை கிடையாது.

யு.எஸ்.பி. 1820-இல் மருத்துவர்கள் தொடங்கிய மருந்துத் தர நிர்ணய அமைப்பு. அதன் சரிபார்ப்பு முத்திரைக்கு ஆலைத் தணிக்கை, உற்பத்தி ஆவணங்களின் ஆய்வு, மாத்திரைச் சோதனை என்று மூன்று கட்டங்கள் உண்டு. அதன் பிறகும் கடைகளில் இருந்து டப்பாக்களை எடுத்துச் சோதிக்கிறார்கள். நான்கில் இதை முதலில் வைக்க ஒரு காரணம், மாத்திரை வயிற்றில் கரைகிறதா என்ற சோதனையும் இதில் அடங்கும் என்பது. லேபிளில் உள்ள அளவு மாத்திரைக்குள் முழுமையாக இருந்தும், அது உடையாமலே வெளியேறினால் என்ன பயன்? சாதாரண மாத்திரை 37 டிகிரி செல்சியஸ் நீரில் 30 நிமிடத்துக்குள் சிதைய வேண்டும் என்பது யு.எஸ்.பி. விதி. குடலில் மட்டும் கரைய வேண்டிய பூச்சுள்ள மாத்திரை, செயற்கை வயிற்று அமிலத்தில் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும்.

மாத்திரை கல்லாகிப் போவதற்கு மூன்று காரணங்கள் அடிக்கடி தென்படும்: அச்சில் அழுத்தம் மிகுந்துபோவது, பிணைப்புப் பொருள் கூடிப்போவது, ஈரமும் வெப்பமும் உள்ள இடத்தில் பல மாதம் கிடப்பது. கால்சியம் கார்பனேட் மாத்திரையை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு மாத்திரையை வினிகரில் போட்டு, இடையிடையே கலக்கி, 30 நிமிடம் பொறுத்திருங்கள். முழுசாகவே நின்றால் அந்த டப்பாவை மாற்றுங்கள். மெல்லும் மாத்திரை, கம்மி (ஜெல்லி மிட்டாய் வடிவம்), குடல் பூச்சுள்ளவை, மெதுவாகக் கரையும் வகை ஆகியவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

யு.எஸ்.பி.யின் குறை அதன் பட்டியல் சிறியது என்பது. வைட்டமின், தாது, மீன் எண்ணெய் போன்றவற்றில் கிடைக்கும். மூலிகைகளில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சப்ளிமெண்டில் முத்திரை குறிப்பிட்ட தயாரிப்புக்கே தரப்படுகிறது. ஒரு பிராண்டின் டி வைட்டமினுக்குக் கிடைத்தது என்பதால் அதே பிராண்டின் மஞ்சள் சாறுக்கும் கிடைத்ததாக ஆகாது. மூலப்பொருள் பட்டியலில் ஒரு பொருளின் பெயருக்குப் பின்னால் "யு.எஸ்.பி." என்ற எழுத்துகள் வந்தால் அது தயாரிப்பாளரின் கூற்று மட்டுமே, முத்திரையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எந்த முத்திரையானாலும் அதைத் தந்த அமைப்பின் இணையதளத்தில் தயாரிப்பின் முழுப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குவதே சரி.

என்.எஸ்.எஃப். 1944-இல் மிச்சிகனில் தொடங்கியது. இதில் இரண்டு முத்திரைகளைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது, லேபிளில் உள்ளது உள்ளே இருக்கிறதா, கன உலோகங்களும் நுண்ணுயிரும் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று பார்க்கும் பொதுச் சான்று. இரண்டாவது "விளையாட்டுக்குச் சான்றளிக்கப்பட்டது". அதற்கு மேற்சொன்னவற்றோடு 280-க்கும் மேற்பட்ட தடைசெய்யப்பட்ட பொருள்களும் தேடப்படுகின்றன. அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் வீரர்களுக்குப் பரிந்துரைப்பது இதைத்தான். இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் சேவையில் ஒவ்வொரு பேட்சும் கடைக்குப் போகுமுன் சோதிக்கப்படுகிறது. டப்பாவின் அடியில் உள்ள பேட்ச் எண்ணை இணையத்தில் போட்டுப் பார்க்கலாம். இதோடு பெயரில் ஒத்துப்போகும் இன்ஃபார்ம்டு சாய்ஸ் வேறு. அதில் எல்லா பேட்சும் சோதனைக்கு வருவதில்லை. விற்பனையில் உள்ள டப்பாக்கள் அவ்வப்போது மாதிரியாக எடுக்கப்படுகின்றன. போட்டிக்குப் போகிறவர் இன்ஃபார்ம்டு சாய்ஸை இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் என்று நினைத்து வாங்கினால் தடைக்காலம் வரை போகலாம்.

இந்தக் கண்டிப்பு எதற்கு என்பதை ஓர் எண் காட்டிவிடும். 2007 முதல் 2016 வரை எஃப்.டி.ஏ. எச்சரித்த சப்ளிமெண்டுகளைத் தொகுத்த ஆய்வு, அறிவிக்கப்படாத மருந்து கலந்த 776 தயாரிப்புகளைக் கணக்கிட்டது. ஆண்மைக்கானவற்றில் சில்டெனாஃபில் (வயாகராவில் உள்ள மருந்து), எடைக் குறைப்பில் சிபுட்ரமின் (பசியடக்கும் மருந்து), தசை வளர்ச்சியில் ஸ்டீராய்டு என்று கலப்படத்துக்கு ஒரு வாடிக்கை உண்டு. இதய நோய்க்கு நைட்ரேட் சாப்பிடுபவர் "இயற்கை மூலிகை" என்று நம்பி ஒளிந்திருக்கும் சில்டெனாஃபிலை விழுங்கினால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கக்கூடும்.

கன்ஸ்யூமர்லேப் 1999-இல் தொடங்கிய சந்தா சேவை. தானே கடையில் வாங்கிச் சோதித்து, எந்தப் பிராண்டில் எவ்வளவு இருந்தது என்று எண்களோடு வெளியிடுகிறது. தேறாதவற்றின் பெயரும் தெரிய வருவது இதன் பலம். மற்ற மூன்றும் தேறியவர்களின் பட்டியலையே காட்டும். தயாரிப்பாளர் கட்டணம் செலுத்தித் தானாக முன்வரும் திட்டமும் இதில் உண்டு. வாங்கிச் சோதித்ததன் அறிக்கையைத்தான் படிக்க வேண்டும். டப்பாவின் வட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில் பாதிப் பயனே கிடைக்கும்.

நான்குமே தொடாத இடங்கள் உண்டு. அந்தச் சத்து உங்களுக்குத் தேவையா, அந்த அளவு சரியா, சாப்பிடும் மருந்தோடு மோதுமா என்பதை எந்த முத்திரையும் சொல்லாது. சுத்தமான செயின்ட் ஜான்ஸ் வொர்ட் மூலிகை என்றாலும் அது வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் தடுப்பது), சைக்ளோஸ்போரின் (மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் காப்பது), கருத்தடை மாத்திரை ஆகியவற்றின் பலனைக் குறைக்கும். பயோட்டின் என்ற பி வைட்டமின் அதிக அளவில் இருந்தால் சில இரத்தப் பரிசோதனை முடிவுகளே தவறாக வரலாம். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் குறைவாகத் தெரிந்துவிடலாம் என்று எஃப்.டி.ஏ. 2017-இல் எச்சரித்தது. ஈயத்துக்குக்கூட எல்லாரும் ஒரே கோட்டில் நிற்பதில்லை. கலிஃபோர்னியாவில் நாளொன்றுக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டினாலே எச்சரிக்கை வாசகம் வேண்டும். யு.எஸ்.பி. வரம்பு அதைவிடப் பல மடங்கு தளர்வானது. அதனால்தான் முத்திரையும் கலிஃபோர்னியா எச்சரிக்கையும் ஒரே டப்பாவில் சேர்ந்து வருகின்றன.

அளவு விஷயத்தை முன்பக்கத்தில் பார்க்காமல் பின்பக்கக் கட்டத்தில் பார்க்க வேண்டும். முதல் வரியே முக்கியம்: ஒரு வேளை என்பது எத்தனை மாத்திரை? முன்னால் பெரிதாக "1000 மி.கி. மீன் எண்ணெய்" என்று இருக்கும்; பின்னால் ஒமேகா-3 கொழுப்புகளான இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்று கூட்டினால் 300 மி.கி.தான் வரும். தேவைப்படுவது அந்த 300. தாதுக்களிலும் இதே கதை. கால்சியம் கார்பனேட்டில் 40 சதவீதமும் சிட்ரேட்டில் 21 சதவீதமும்தான் கால்சியம். கட்டத்தில் போடுவது தாதுவின் எடை, முன்பக்கத்தில் போடுவது சில நேரம் முழு உப்பின் எடை. வைட்டமின் டி மைக்ரோகிராமில் இருந்தால் 40-ஆல் பெருக்கினால் ஐ.யு. (சர்வதேச அலகு) கிடைக்கும். "தனியுரிமைக் கலவை" என்று பத்து மூலிகைகளை ஒரே எடையில் அடக்கியிருந்தால் வைத்துவிடுங்கள். எடை இறங்குவரிசையில் பெயர் வரும், தனித்தனி அளவு வராது. கடைசி ஐந்தும் பெயருக்குத் தூவியதாக இருக்கலாம். புரோபயாட்டிக்கில் "தயாரிக்கும்போது இத்தனை கோடி" என்பதற்கும் "காலாவதி வரை இத்தனை கோடி" என்பதற்கும் வித்தியாசம் பெரிது.

கம்மி வகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஈரமும் சர்க்கரையும் உள்ள பொருளில் சத்து சீக்கிரம் சிதையும், அதனால் தயாரிப்பாளர் கூடுதலாகப் போடுகிறார். கலவை ஒரே சீராகப் பரவாததால் ஒன்றில் குறைந்து மற்றொன்றில் மிஞ்சுகிறது. 2023-இல் வந்த ஓர் ஆய்வில் மெலடோனின் கம்மிகள் 25-இல் 22 லேபிளோடு ஒத்துப்போகவில்லை. இருந்த அளவு, எழுதியிருந்ததில் 74 முதல் 347 சதவீதம் வரை. குழந்தைகள் மிட்டாய் என்று எடுத்துத் தின்னும் வடிவத்தில் இந்த ஏற்ற இறக்கம் கவலைக்குரியது. அதே சத்து மாத்திரையாகக் கிடைத்தால் மாத்திரையையே வாங்குங்கள்.

முத்திரை கிடைக்காத மூலிகைகளுக்குத் தயாரிப்பாளரிடம் பகுப்பாய்வுச் சான்றிதழ் கேளுங்கள். தருபவர்கள் இருக்கிறார்கள். அதில் உள்ள பேட்ச் எண் உங்கள் டப்பாவோடு பொருந்த வேண்டும். சோதித்தது மூலப்பொடியா, முடிந்த மாத்திரையா என்று பாருங்கள். ஆய்வகத்தின் பெயரும், சோதனை ஆய்வகங்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரமும் இருக்க வேண்டும். ஈயத்துக்கு நேராக "பொருந்துகிறது" என்று மட்டும் இருந்தால் எண்ணைக் கேளுங்கள். முறையும் முக்கியம். ஜிங்கோ இலைச் சாறில் மொத்த ஃபிளேவனாய்டை (தாவரச் சேர்மங்களின் ஒரு வகை) மட்டும் அளந்தால், அதே வகையைச் சேர்ந்த, விலை குறைந்த ரூட்டினைக் கலந்தே அந்த எண்ணை எட்டிவிடலாம், சேர்மங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. வரைபடம் இருந்தால் அந்த ரூட்டின் தனிச் சிகரமாக எழுந்து காட்டிக்கொடுத்துவிடும். புரதப் பொடியிலும் இதே வித்தைதான். நைட்ரஜனை மட்டும் அளக்கும் சோதனையை, நைட்ரஜன் உள்ள மலிவான கிளைசினும் டாரினும் சேர்த்து ஏமாற்றலாம், ஆகவே அமினோ அமிலங்களின் தனித்தனி அட்டவணையைக் கேட்க வேண்டும்.

டி.என்.ஏ. சோதனையை மட்டும் காட்டி ஒரு சாறு உண்மையானது என்றோ போலி என்றோ சொன்னால் ஏற்க வேண்டாம். 2015-இல் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் கடைகளின் சொந்த பிராண்டு மூலிகைகளை இந்த முறையில் சோதித்து, பலவற்றில் சொன்ன செடியே இல்லை என்று அறிவித்தது. சாறு எடுக்கும்போது கரைப்பானும் வெப்பமும் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும், ஆகவே இல்லை என்ற முடிவு செல்லாது என்று தாவர வேதியியலாளர்கள் மறுத்தார்கள். சாறு விஷயத்தில் அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. அரைத்த இலைப் பொடிக்கு டி.என்.ஏ. பொருந்தும், சாறுக்கு அதன் சேர்மங்களைக் காட்டும் வேதியியல் கைரேகைதான் வேண்டும்.

சாப்பிட்ட பின் மஞ்சள் காமாலை, படபடப்பு, கடும் ஒவ்வாமை என்று ஏதாவது நேர்ந்தால் டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். மிச்ச மாத்திரைகளையும் பேட்ச் எண்ணையும் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள், எஃப்.டி.ஏ.வின் மெட்வாட்ச் பிரிவில் புகார் பதியுங்கள். லேபிளில் உள்ள முகவரி அல்லது தொலைபேசிக்கும் தெரிவியுங்கள்: கடுமையான பாதிப்பு பற்றித் தகவல் கிடைத்த 15 வேலை நாளுக்குள் நிறுவனம் அதை எஃப்.டி.ஏ.வுக்கு அனுப்ப வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். அமெரிக்க முகவரியோ தொலைபேசியோ இல்லாத டப்பா அந்தச் சட்டத்தையே மீறியது. அதன் மேல் எந்த முத்திரை இருந்தாலும் வாங்க வேண்டாம்.