பான்ஃப் ஊரில் ஒரு குளிர்கால சீசன் வேலை: யார் போகலாம், எதைக் கேட்டுவிட்டுப் போகலாம்

கனடாவில் படிப்பை முடித்துவிட்டு ஓப்பன் ஒர்க் பெர்மிட்டை (எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கலாம் என்கிற அனுமதியை) கையில் வைத்துக்கொண்டு டொரோண்டோ பக்கம் வேலை தேடுகிற நம் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது ஆல்பர்ட்டா மாகாணத்தில் இருக்கிற பான்ஃப் பற்றி விசாரிக்கிறார்கள். ராக்கி மலைக்கு நடுவில் வேலை, தங்க இடமும் தருகிறார்களாம், பனிச்சறுக்குப் பாஸும் உண்டாம், உண்மையா என்று. உண்மைதான். போன குளிர்காலம் அங்கே ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தேன். மதிப்பெண் போடச் சொன்னால் மலைக்கு ஐந்துக்கு ஐந்து, வேலைக்கு மூன்று, தங்குமிடத்துக்கு இரண்டு. கிளம்புவதற்கு முன்னால் நீங்கள் யோசிக்க வேண்டியது தங்குமிடத்துக்குப் போட்ட அந்த இரண்டைப் பற்றித்தான்.

பான்ஃப் ஒரு தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற ஊர். பூங்காவுக்குள் வேலையோ தொழிலோ இருப்பவர்களும் அவர்கள் குடும்பமும்தான் பொதுவாக அங்கே குடியிருக்கலாம் என்று விதியே உண்டு. ஊரை இஷ்டத்துக்கு விரிக்கவும் முடியாது. நிரந்தரமாக இருப்பவர்கள் எட்டாயிரம் பேர் சொச்சம், பூங்காவுக்கு வருகிறவர்களோ வருஷத்துக்கு நாற்பது லட்சத்துக்கு மேல். அப்புறம் வாடகைக்கு அறை எங்கே கிடைக்கும்? வேலை கொடுக்கிறவர் தருகிற அறைதான் அறை. வேலை நின்றால் கொஞ்ச நாளில் அறையையும் காலி செய்ய வேண்டியதுதான். நேர்முகத்தில் எல்லோரும் சம்பளத்தைப் பற்றியே கேட்கிறோம். எங்கள் ஹோட்டல் சமையலறையில் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் இருந்தார், பல வருஷமாக அந்த ஊரில் இருப்பவர். புதிதாக வருகிற எல்லாத் தமிழ்ப் பையன்களுக்கும் அவர் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, சம்பளத்தைப் பிறகு கேளும், முதல்ல ரூம் எப்பிடி எண்டு கேளும்."

எனக்குக் கிடைத்த அறையில் இரண்டு பேர். அந்த மாடி முழுவதற்கும் ஒரே சமையலறை, நாலு அடுப்பில் ஒன்று சீசன் முடியும்வரை எரியவே இல்லை. வாடகையை நாள் கணக்கில் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள், மாதத்துக்கு ஏறக்குறைய 500 டாலர் வந்தது. டொரோண்டோ வாடகையோடு பார்த்தால் மலிவு, மறுக்கவில்லை. ஆனால் அறைத் தோழன் பாரில் வேலை முடித்து விடியற்காலை மூன்று மணிக்கு விளக்கைப் போடுவான், நான் ஆறரைக்கு எழ வேண்டும். ஒரே ஷிப்டில் இருப்பவர்களை ஒரே அறையில் போடுங்கள் என்று கேட்டுக்கூடப் பார்த்தோம், பட்டியல் ஏற்கனவே போட்டாயிற்று என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்: அறையில் எத்தனை பேர், எந்த ஷிப்ட் ஆட்கள், சமையலறை எத்தனை பேருக்கு, முன்பணம் எவ்வளவு, வேலை முடிந்தபின் எத்தனை நாள் இருக்கலாம். எழுத்தில் தரத் தயங்குகிற இடத்துக்குப் போகவே வேண்டாம்.

வேலை கடினம், ஆனால் நியாயமான வேலை. ஆல்பர்ட்டாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2018 அக்டோபரிலிருந்து மணிக்கு 15 டாலரிலேயே நிற்கிறது, ஆள் பற்றாக்குறையால் எங்கள் ஹோட்டலில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தந்தார்கள். நாளில் 8 மணி நேரத்தைத் தாண்டினாலோ வாரத்தில் 44ஐத் தாண்டினாலோ ஓவர்டைம் ஒன்றரை மடங்கு என்பது மாகாணச் சட்டம், சம்பளச் சீட்டை ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். விருந்தினர் காலி செய்து போன அறையென்றால் எல்லாவற்றையும் உரித்துப் போட்டுப் புதிதாக விரிக்க வேண்டும். பனிச்சறுக்கு ஊர் என்பதால் ஈரமான பூட்ஸைக் கம்பளத்தின் மேலேயே கழற்றி வைத்திருப்பார்கள், அந்த இடம் சதசதவென்று ஊறிக் கிடக்கும், குளியல் தொட்டிக்கு மேல் கையுறையும் காலுறையும் தொங்கும். யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் காற்றின் வறட்சி. போர்வையை உதறினால் நீலப் பொறி பறக்கும், அடுத்த நொடி டிராலியின் இரும்புக் கைப்பிடியைத் தொட்டால் முழங்கை வரை சுரீரென்று ஏறும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்கே கிடையாது. உதடு வெடிக்கும், முதல் வாரம் மூக்கில் ரத்தம்கூட வரும். தேங்காயெண்ணெய் கொண்டு போங்கள், அங்கே விலை அதிகம். அரிசி பருப்பு கறிவேப்பிலைக்கு ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிற கால்கரிதான்.

நவம்பரில் வேலை நேரம் குறைவு. மலை அப்போதுதான் திறக்கும், கூட்டம் கிறிஸ்துமஸை ஒட்டித்தான் வரும், அதுவரை எங்களுக்கு வாரத்துக்கு மூன்று நாள்தான் போட்டார்கள், வாடகை மட்டும் முழுசாகப் போனது. வாரத்துக்குக் குறைந்தது இத்தனை மணி நேரம் என்று உறுதி உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். கையில் இரண்டு மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் யாரும் போகக் கூடாது என்பது என் கருத்து.

இப்போது மலை. இதற்காகத்தான் போகிறோம், இதில் எனக்குக் குறையே இல்லை. ஊரைச் சுற்றி மூன்று பனிச்சறுக்கு மலைகள். நார்க்வே ஊருக்குப் பக்கத்திலேயே, சில இரவுகளில் விளக்கு போட்டும் திறந்திருக்கும், முதன்முதலாகக் கற்றுக்கொள்ள அதுதான் தோது. லேக் லூயிஸ் முக்கால் மணி நேரம் தள்ளி. சன்ஷைன் என் விருப்பம். கார் நிறுத்துமிடத்திலிருந்து கோண்டோலாவில் (கம்பியில் ஓடும் கூண்டு வண்டியில்) ஏறி 2,160 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலைக் குடியிருப்பில் இறங்க வேண்டும், நவம்பர் தொடக்கத்தில் திறந்து மே மாதம் பாதிக்கு மேலும் ஓடும். பாஸ் இருந்தால் ஊரிலிருந்து மலைக்குப் பேருந்து இலவசம். மலை நிறுவனத்திலேயே வேலை என்றால் பாஸ் வேலையோடு வரும், ஹோட்டல்களில் சிலர் பாதி விலை தருவார்கள், சிலர் ஒன்றும் தர மாட்டார்கள்.

ஆனால் ஹவுஸ்கீப்பிங் பகல் வேலை. டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும், ஆக வேலை நாளில் மலையே கிடையாது. மாலை நேர உணவக வேலை பார்ப்பவர்கள் பகல் முழுக்கச் சறுக்கிவிட்டு வருவார்கள். அந்த மாதிரி ஷிப்ட் கேட்டு வாங்கினால் சீசனின் மதிப்பே இரட்டிப்பாகும். மதுபானம் பரிமாறுகிற வேலைக்கு ஆல்பர்ட்டாவில் புரோசர்வ் சான்றிதழ் வேண்டும், ஆன்லைனிலேயே எடுக்கலாம். சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றும் நாற்காலி லிஃப்டை இயக்குகிற வேலையில் இருந்த நண்பன், மைனஸ் முப்பதிலும் வெளியே நின்று ஏறுமிடத்துப் பனியை மண்வெட்டியால் சமன் செய்துகொண்டே இருப்பான், சின்னப் பிள்ளைகள் வந்தால் நாற்காலி முழங்காலில் இடிக்காமல் கையால் பிடித்து நிறுத்தி ஏற்றிவிடுவான். குளிர் தாங்குகிற உடம்பு என்றால் அருமையான வேலை அது.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வேலையில் அடிபட்டால் தொழிலாளர் இழப்பீட்டு வாரியம் பார்த்துக்கொள்ளும், லீவு நாளில் சறுக்கி முழங்கால் தசைநார் கிழிந்தால் அது அதில் வராது. எங்கள் மாடியில் இருந்த ஒரு பெண்ணுக்குப் பிப்ரவரியில் அப்படி ஆனது. குனிந்து நிமிர முடியாதவளால் அறை சுத்தம் செய்ய முடியாது, வேலை போனது, வேலையோடு அறையும் போனது, ஊன்றுகோலோடு கால்கரிக்குப் பேருந்தேறினாள். எனக்கு இன்னமும் மனசு ஆறவில்லை. அடிபட்டால் அறையில் எத்தனை நாள் விடுவீர்கள் என்று கேட்பது அபசகுனம் இல்லை, கேளுங்கள். ஹெல்மெட் இல்லாமல் மலை ஏறாதீர்கள், முதல் நாள் காசு கொடுத்தாவது ஒரு பாடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) கணக்கில் வருகிறவர்களுக்கு: ஹவுஸ்கீப்பிங், பாத்திரம் கழுவுவது, சமையலறை உதவி எல்லாம் கனடா அரசு வேலைகளைத் தரம் பிரிக்கிற பட்டியலில் டீயர் 5, கனடாவில் பார்த்த வேலை அனுபவத்தை வைத்து பிஆர் தரும் கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸில் எண்ணப்படாது. குக் வேலை டீயர் 3, அது எண்ணப்படும். அந்த யாழ்ப்பாணத்து அண்ணாவும் அந்த வழியில்தான் பிஆர் வாங்கினார். ஆல்பர்ட்டா 2024இல் சுற்றுலா, விருந்தோம்பல் துறைக்கென்று தன் பிஆர் பரிந்துரைத் திட்டத்தில் தனிப் பிரிவும் தொடங்கியிருக்கிறது, அதன் நிபந்தனைகளை மாகாண அரசின் பக்கத்தில் படித்துவிட்டு முடிவெடுங்கள். பெர்மிட்டில் ஒரு வருஷம்தான் மிச்சம் என்றால் அதை ஹவுஸ்கீப்பிங்கில் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு, வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 24 மணி நேர வரம்பு இருப்பதால், இது சரிவராது. ஊரிலிருந்து நேரே விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கும் கதவு குறுகல், கனடாவின் இளைஞர் பணி அனுமதித் திட்டத்தில் இந்தியாவோ இலங்கையோ ஒப்பந்த நாடு இல்லை.

ஆள் எடுப்பது பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில். அதைத் தவறவிட்டவர்கள் ஜனவரி முதல் வாரம் முயலுங்கள். பண்டிகைக் கூட்டத்தோடு மல்லுக்கட்டிக் களைத்து நிறையப் பேர் அப்போது கிளம்பிவிடுவார்கள், அறைகளும் காலியாகும், எந்த அறை என்று கேட்டு வாங்குகிற நிலையில் அப்போது நீங்கள் இருப்பீர்கள்.