எனாமலா, பொன்முலாமா? இடைக்கால இங்கிலாந்தின் குதிரைத் தொங்கல்கள்

13, 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரபு வீட்டுக் குதிரை நடந்தால், மார்புப்பட்டையில் சின்னச் சின்ன உலோகத் தொங்கல்கள் ஆடும். உள்ளங்கைக்குள் அடங்கும் செம்புக் கலவைத் தகடு, தலையில் ஒரு காது. அதைப் பட்டையில் அறைந்த கொண்டியில் மாட்டிவிடுவார்கள்.

பொன்முலாம் பூசியது ஒரு வகை. பொன்னைப் பாதரசத்தில் குழைத்துத் தடவி, சூடு காட்டினால் பாதரசம் ஆவியாகும், பொன் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புகை நஞ்சு. பூசியவரின் நுரையீரலை நினைத்தால் மனம் கனக்கிறது. குதிரை அசைய அசைய இந்தத் தொங்கல் வெயிலில் பளபளக்கும். ஆனால் உரச உரசத் தேயும். இன்று வயலில் கிடைப்பவற்றில் பள்ளங்களில் மட்டும் மஞ்சள் மின்னும்.

எனாமல் வேலை அப்படியல்ல. தகட்டில் குழி வெட்டி, கண்ணாடிப் பொடியை நிரப்பிச் சுட்டு, தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். கேடய வடிவத் தொங்கலில் சிவப்புத் தளத்தில் மூன்று பொன் சிங்கங்கள் இருந்தால் அது இங்கிலாந்து அரசச் சின்னம். கூடவே பிரெஞ்சு அரசச் சின்னமான, நீலத்தில் லில்லி மலர்களும் நான்கு கட்டமாகச் சேர்ந்திருந்தால் 1340க்குப் பிந்தியது. இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டு, பிரான்சின் அரசர் என்ற பட்டத்தையும் முறைப்படி சூட்டிக்கொண்ட ஆண்டு அது. மண்ணில் கண்ணாடி உதிர்ந்தாலும் குழி நிற்கும், அதைத் தடவியே சிங்கத்தைப் படிக்கலாம்.

சரி, இரண்டும் ஒரே தொங்கலில் சேர்வதும் உண்டு: சிங்கத்துக்கு முலாம், பின்னணிக்கு எனாமல். தனித்தனியாகக் கேட்டால், என் ஓட்டு எனாமலுக்குத்தான். யாருடைய குதிரை என்று அதுதான் சொல்கிறது.