3 மி.மீ. ஏசிபி ஷீட், 0.25 ஃபாயில்: எங்கே போடலாம், எங்கே கூடாது

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் கடை முகப்புக்கு ஏசிபி (இருபுறமும் ஃபாயில் எனும் மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் பிளாஸ்டிக் உள்ள ஷீட்) கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுவது இந்த ரகம்தான்: மொத்தத் தடிமன் 3 மி.மீ., ஃபாயில் ஒவ்வொன்றும் 0.25 மி.மீ. கடைக்குள்ளே சுவர், தூண், கவுண்ட்டர் மறைப்புக்கு நல்ல சரக்கு. வெளியே, அதுவும் மடித்துப் பெட்டியாக்கி மாட்டும் வேலைக்குப் போதாது.

ஷீட் வளையும்போது ஒரு பக்கத்து அலுமினியம் இழுபடும், மறுபக்கம் அமுங்கும். நடுவில் உள்ள பாலிஎத்திலீன் அந்த இரண்டையும் விலக்கிப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கணக்குப் போட்டால் 4 மி.மீ. ஷீட் 0.5 ஃபாயிலோடு இதைவிட மூன்று மடங்குக்கு மேல் விறைப்பு. எடையோ சதுர மீட்டருக்கு 3.6 கிலோவிலிருந்து 5.5 கிலோ ஆகிறது. அதே விறைப்பை வெறும் அலுமினியத் தகட்டில் எடுக்க 3.3 மி.மீ. தடிமன் வேண்டும், எடை 9 கிலோ வரும். இன்னொன்று: 4 மி.மீ./0.25 ஷீட்டும் 3 மி.மீ./0.5 ஷீட்டும் விறைப்பில் கிட்டத்தட்ட ஒன்று. "4 எம்எம் சார்" என்பதை மட்டும் நம்பிக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

மடிப்பில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பின்பக்கம் ரவுட்டர் என்ற வெட்டு மெஷினில் வி-குரூவ் (V வடிவப் பள்ளம்) வெட்டும்போது முன் ஃபாயிலோடு 0.3 மி.மீ. பிளாஸ்டிக்கும் மிச்சம் இருக்க வேண்டும். 0.5 ஃபாயிலில் மொத்தம் 0.8 நிற்கும், 0.25-இல் 0.55தான். கையில் பிடித்து ஓட்டும் ரவுட்டர் கொஞ்சம் அழுந்தினாலும் தீர்ந்தது. வெட்டியதும் பள்ளத்தின் அடியைப் பாருங்கள். கோடு முழுக்க பிளாஸ்டிக் நிறமே தெரிய வேண்டும். எங்காவது வெள்ளியாக மினுங்கினால் பிளேடு ஃபாயிலைத் தொட்டிருக்கிறது. அந்த இடம் மடிக்கும்போதோ, பிறகு காற்றில் ஆடி ஆடியோ விரிசல் விடும். பிளாஸ்டிக் அதிகம் மிஞ்சினால் மூலை உருண்டு, 90 டிகிரிக்கு வராமல் திமிறும். மடித்ததை நிமிர்த்தி மறுபடி மடிப்பது கூடவே கூடாது. குரூவ் இல்லாமல் தூணுக்கு வளைப்பதென்றால் உள் ஆரம் தடிமனைப்போல் 15 மடங்காவது வேண்டும். கைவிட்டால் ஷீட் கொஞ்சம் திரும்பும் என்பதால் தேவையானதைவிடச் சற்று கூடுதலாக வளைக்க வேண்டும்.

ஃபாயிலைச் சோதிக்க ஒரு துண்டின் மூலையைச் சூடுகாட்டி உரித்து, ஸ்குரூகேஜில் வைத்துப் பாருங்கள். முன்பக்கம் என்றால் பெயின்ட்டுக்காக 0.03 கழியுங்கள். சூடே காட்டாமல் லேபிள் மாதிரி கையோடு உரிந்து வந்தால் அந்தச் சரக்கைத் தொடாதீர்கள்.

பத்தடி ஷீட் 40 டிகிரி சூட்டு வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ. நீளும். நாலாபுறமும் ஸ்குரூவை இறுக்கினால் சித்திரை வெயிலில் வயிறு உப்பும். ஒரு பக்கம் நிலையாக, மறுபக்கம் நீள்துளை. இரண்டு ஷீட்டுக்கு நடுவே 10 மி.மீ. இடைவெளி, அதில் ஃபோம் கயிறு வைத்து நியூட்ரல் சிலிக்கான். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி உப்புக்காற்றில் இரும்பு ஃப்ரேம் நேரடியாக அலுமினியத்தைத் தொட்டால் அரிக்கும். நடுவே ரப்பர் டேப், ஸ்குரூ எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்). 2018 நவம்பர் 16 கஜா மாதிரிக் காற்று ஷீட்டின் ஓரத்தைத்தான் முதலில் தூக்கும் என்பதால் ஓரங்களில் ஸ்குரூவை நெருக்கமாகப் போடுங்கள்.

சாதா பாலிஎத்திலீன் எரியும். 2017-இல் லண்டன் கிரென்ஃபெல் கட்டடத்தில் தீ மேலே ஏறியதற்கு இதே வகை ஷீட்தான் முக்கிய காரணம். 72 பேர் இறந்தார்கள். மாடிக் கட்டடம், மருத்துவமனை, கல்யாண மண்டபம் என்றால் எஃப்ஆர் (எளிதில் தீப்பிடிக்காத) ரகம் தவிர வேறு வேண்டாம்.

பில்லில் மொத்தத் தடிமன், ஃபாயில், பெயின்ட் மூன்றையும் எழுதி வாங்குங்கள். வெளிவேலைக்கு பிவிடிஎஃப் (வெயிலில் எளிதில் மங்காத) பெயின்ட். மெட்டாலிக் நிறமானால் ஷீட்டின் மேல் ஒட்டி வரும் பாதுகாப்புப் படலத்தில் உள்ள அம்புக்குறி எல்லா ஷீட்டிலும் ஒரே திசை பார்க்கட்டும், இல்லாவிட்டால் ஒரே முகப்பு இரண்டு நிறமாகத் தெரியும். வேலை முடிந்ததும் அந்தப் படலத்தை உரித்துவிடுங்கள். திறப்பு விழாவுக்கு நல்ல நாள் பார்த்து மாதக்கணக்கில் விட்டுவைத்தால் பசை காய்ந்து பெயின்ட்டோடு ஒட்டிக்கொள்ளும்.