ஒரே உலை, வெவ்வேறு குணம்: 304, 420, 17-4 பிஎச்

பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் எஃகு இறுகும் என்பார்கள். 304 என்ற துருப்பிடிக்காத எஃகில் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) நடப்பது நேர் எதிர். 1,010 முதல் 1,120 டிகிரி செல்சியஸுக்குள் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தால் அது இளகிவிடும். அப்போது அதன் இழுவிசை வலிமை குறைந்தபட்சம் 515 மெகாபாஸ்கல். அறுவதற்கு முன் 40 சதவீதமாவது நீளும். ஆழமாக அழுத்தி உருவாக்கும் வேலைக்கு என் முதல் தேர்வு இதுதான். வளைக்க வளைக்க இறுகும். விரிசல் விடும்போல இருந்தால் மறுபடி அனீல் செய்து (முன்போலச் சூடாக்கிக் குளிர்வித்து) தொடரலாம். ஆனால் உலையால் இதற்கு வலிமை ஏற்றவே முடியாது. குளிர்நிலையில் உருட்டியோ இழுத்தோதான் ஏற்ற வேண்டும். இன்னொன்று, 425 முதல் 850 டிகிரி வரையிலான பகுதியில் அதிக நேரம் நிற்க விடாதீர்கள். குரோமியம் கார்பைடாகி உலோக மணிகளின் எல்லைகளில் ஒதுங்கும். துரு அங்கேதான் பிடிக்கும். கனமான வெல்டிங் இருந்தால் கார்பன் குறைந்த 304எல் வாங்குங்கள்.

420 கத்திக்கான துருப்பிடிக்காத எஃகு. 1,000 டிகிரியை ஒட்டிச் சூடாக்கி எண்ணெயில் குளிர்வித்தால் கடினம் ராக்வெல் சி அளவில் 50-ஐத் தொடும். வளைப்பதெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பிறகு வளைத்தால் உடையும்.

17-4 பிஎச்சில்தான் (பிஎச் என்றால் உள்ளே நுண்துகள் பிரிந்து இறுகும் வகை) பலரும் ஏமாறுகிறார்கள். 480 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் செம்பு நுண்துகள்களாகப் பிரிந்து, இழுவிசை வலிமை 1,310 மெகாபாஸ்கலுக்கு உயரும். நீட்சி 10 சதவீதம் அளவில்தான் இருக்கும். 620 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்தால் வலிமை 930-தான், நீட்சி 16 சதவீதம். குறைந்த சூடு என்பதால் பாகம் அவ்வளவாகக் கோணாது, சீராகச் சற்றே சுருங்கும். கடைசல் வேலைக்கு அருமையான உலோகம். அந்த 1,310-ஐப் பார்த்துவிட்டு வளைக்கும் தகடாக மட்டும் இதை வாங்காதீர்கள். ஏஜிங் (மேலே சொன்ன சூடேற்றல்) செய்யாமல் வரும்போதே இது மார்டென்சைட், அதாவது கடினமான உள்ளமைப்பு. நெருக்கமான வளைவுக்கு இணங்காது.

வளைவும் வேண்டும், வலிமையும் வேண்டும் என்றால் 17-7 பிஎச் பாருங்கள். ஆஸ்டெனைட் எனும் மென்மையான உள்ளமைப்போடு வரும். வளைத்து முடித்த அப்புறம் 760 டிகிரியில் 90 நிமிடம், 15 டிகிரிக்குக் குளிர்வித்தல், பிறகு 566 டிகிரியில் 90 நிமிடம். உலையில் கூடுதல் வேலைதான்; ஆனால் வளைத்த வடிவத்திலேயே வலிமை ஏறிவிடும்.