'ஃபைவ் எக்ஸ்எல் இருக்கு சிஸ்' என்றால் அங்குலம் கேளுங்கள்

தீபாவளி முற்பணம் கைக்கு வரும் நாட்களில் முகநூலில் உடுப்புப் பேஜ்கள் புதிது புதிதாக முளைக்கும். பண்டிகை முடிந்தால் பாதியைக் காணவே கிடைக்காது. அதற்கடுத்த கிழமைகளில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைத் தையற்கடைகளுக்கு வந்து சேர்வதெல்லாம் அந்தப் பேஜ்கள் அனுப்பிய சுடிதார்கள்தான். "அக்கா, இத கொஞ்சம் பிரிச்சுத் தர ஏலுமா?" பெரும்பாலும் ஏலாது. பெரிய சைஸ் உடுப்பை ஒன்லைனில் எடுப்பவர்கள் காசு போடுவதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள்.

டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வந்த பார்சலை எடுத்துக்கொள்வோம். விளம்பரத்தில் ஃபைவ் எக்ஸ்எல், மார்பு 50 அங்குலம் என்று இருந்தது. வாங்கிய அக்காவுக்கு மார்பு 48, மேல்கைச் சுற்று 17, தோள் 15½. முழுக் காசையும் முதலிலேயே வங்கியில் போட வைத்தார்கள். வந்த சுடிதாரை மேசையில் விரித்துக் கக்கத்துக்குக் கக்கம் பிடித்தால் 23, அதாவது சுற்றளவு 46. மேல்கை மடிப்பில் 7½, சுற்றளவு 15. தோள் மட்டும் 18. கை ஏறவே இல்லை, தோளோ முழங்கையை நோக்கித் தொங்குகிறது. கழுத்துக்குப் பின்னால் நெய்த லேபிளை வெட்டி எடுத்திருக்கிறார்கள், இரண்டு நூல் முனை மட்டும் மிச்சம். பிளாஸ்டிக் உறையில் '5எக்ஸ்எல்' ஸ்டிக்கர். அதை நகத்தால் உரித்தால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர்: 3எக்ஸ்எல்.

அவர் விசாரிக்காமல் எடுக்கவில்லை. டேப் வைத்த படம் கேட்டிருக்கிறார், அவர்களும் அனுப்பியிருக்கிறார்கள், டேப் 25 காட்டுகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் சூது தெரியும். டேப்பின் தொடக்க முனை மடித்த கைக்குள் ஒளிந்திருக்கிறது. டேப்பும் கக்கத்தடியில் இல்லை, அதற்கு நாலு விரற்கடை கீழே, துணி அகலத் தொடங்கும் இடத்தில் கிடக்கிறது. முறைப்பாடு சொன்னபோது "ரெண்டு தடவ கழுவினா லூஸாகிடும்" என்று ஒரு பதில், பிறகு புளொக். கொட்டன் துணி கழுவினால் சுருங்குமே தவிர ஒரு நாளும் லூஸாகாது.

தோள் தொங்கிக் கை இறுகுவது தற்செயல் இல்லை. சின்ன சைஸ் பேட்டனை, அதாவது துணி வெட்டும் மாதிரியை, எல்லாப் பக்கமும் ஒரேயடியாகப் பெருப்பித்து வெட்டினால் இப்படித்தான் வரும். உடம்பு பெருக்கும்போது தோள் எலும்பு அகலமாவதில்லை. மேல்கை, மார்பு, வயிறு, சீட் எனப்படும் பின்பக்கச் சுற்றுதான் கூடும். பெரிய உடம்புக்கென்றே வெட்டிய பேட்டனில் தோள் கொஞ்சம்தான் ஏறும், கைக்குழியும் மேல்கையும் நன்றாக ஏறும். அதனால் விற்பவரிடம் தோள் அளவையும் மேல்கை அளவையும் சேர்த்துக் கேளுங்கள். மார்பளவை மட்டும் சொல்லி மழுப்புகிறவரிடம் எடுக்காதீர்கள்.

எக்ஸ்எல் என்ற எழுத்துக்கு உலகம் முழுக்க ஒரே அளவு கிடையாது. அமெரிக்காவுக்குத் தைத்து மிஞ்சிய எக்ஸ்எல் சுவெட்டரை நுவரெலியா பேல் பஸாரில் எடுத்துப் போட்டவருக்கு, சீனச் சந்தைக்குத் தைத்த த்ரீ எக்ஸ்எல் ஏறாமல் போகலாம். இலக்கத்திலும் அதே கதைதான்: அமெரிக்க 16 என்பது பிரித்தானிய 20. எந்த நாட்டு இலக்கம் என்று கேட்காமல் '20 இருக்கு' என்பதை நம்ப வேண்டாம்.

இனி உங்கள் அளவு. முதலில் டேப்பைப் பாருங்கள். பழைய துணி டேப் இழுபட்டு நீண்டிருக்கும். பிள்ளையின் 30 சென்டிமீட்டர் அடிமட்டத்தோடு வைத்துச் சரிபாருங்கள். ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர் என்பதால் பாதியில் திரும்பிவிடவும் கூடும். ஒரு அங்குலம் 2.54 சென்டிமீட்டர், ஆகவே 48 அங்குலம் கிட்டத்தட்ட 122. வழக்கமான டேப் 60 அங்குலத்தோடு முடியும். சீட் அதற்கு மேல் என்றால் இழுபடாத ஒரு நூலைச் சுற்றி, அந்த நூலை அளக்கலாம்.

தனியாக அளக்காதீர்கள், முதுகுப் பக்கம் டேப் இறங்கிவிடும். தங்கச்சியையோ மகளையோ பின்னால் நிற்கச் சொல்லுங்கள். வழக்கமாகப் போடும் உள்ளாடையோடு, மூச்சைப் பிடிக்காமல், வயிற்றை உள்ளிழுக்காமல் நில்லுங்கள். மார்பு அதிகம் முன்தள்ளும் இடத்தில் ஒன்று, கக்கத்தை ஒட்டி மார்புக்கு மேலே ஒன்று என இரண்டு அளவு எடுங்கள். இரண்டுக்கும் நாலு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், மார்புக்குப் பொருந்தும் உடுப்பு தோளில் தொங்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். இடுப்பு எங்கே என்று புரியாவிட்டால் ஒரு பக்கமாகச் சாயுங்கள், மடிப்பு விழும் இடம்தான் இடுப்பு. சீட்டைப் பின்பக்கம் பார்த்து மட்டும் எடுக்கக்கூடாது. வயிறு தொங்கினால் அதையும் சேர்த்து, எங்கே சுற்று அதிகமோ அங்கே எடுங்கள். பிறகு ஒரு கதிரையில் இருந்துகொண்டு அதே சீட்டை இன்னொரு தடவை அளங்கள். இரண்டு மூன்று அங்குலம் கூடும். பஸ்ஸில் இருக்கும்போது சுடிதாரின் பக்கவெட்டு கிழிவது அந்த இரண்டு மூன்று அங்குலத்தால்தான். மேல்கையை அளக்கும்போது கையை மடித்துப் பிடியுங்கள். குளிருக்கு உள்ளே தடித்த பெனியன் போடுகிறவர்கள் அதோடேயே அளக்க வேண்டும்.

இது உடம்பின் அளவு, உடுப்பின் அளவு வேறு. இழுபடாத கொட்டன், லினன் துணிக்கு மார்பில் 3 முதல் 4 அங்குலம் கூடுதல் வேண்டும், சீட்டில் 3, மேல்கையில் ஒன்றரை முதல் 2. ஆகவே 48 மார்புக்கு 51, 52 உடுப்பு. அந்த அக்காவுக்கு விளம்பரத்தில் சொன்ன 50 உண்மையாகவே வந்திருந்தாலும் இறுக்கிப் பிடித்திருக்கும். அட்டவணை அனுப்பினால் 'இது உடம்பா, உடுப்பா?' என்று கேளுங்கள். லைக்ரா கலந்த இழுபடும் துணி என்றால் உடம்பளவே போதும். ஆனால் இழுத்துப் பிடித்து அளந்த கணக்கைத்தான் பலர் தருவார்கள், இழுக்காமல் அளக்கச் சொல்லுங்கள். கொட்டன் முதல் கழுவலில் நீளத்தில் அதிகம் குறையும். 44 அங்குல நீளத்தில் ஒன்று, ஒன்றரை போய்விடலாம்.

காற்சட்டைக்குத் தொடைச் சுற்றும் உட்காரும் உயரமும் முக்கியம். மெத்தை இல்லாத கட்டை ஆசனத்தில் நேராக இருந்து, இடுப்பிலிருந்து ஆசனம் வரை பக்கவாட்டில் அளந்து, அதோடு ஒரு அங்குலம் கூட்டுங்கள். இதில் குறைந்தால் இடுப்புப்பட்டி பின்னால் இறங்கிக்கொண்டே இருக்கும். இலாஸ்டிக்கை எவ்வளவு இறுக்கினாலும் சரிவராது.

விற்பவருக்கு இப்படி எழுதுங்கள்: 'சமமாக விரித்து, டேப்பின் பூச்சிய முனை தெரியும்படி, கக்கத்துக்குக் கக்கம், சீட், தோள், மேல்கை நாலு படம். லேபிள் படம் ஒன்று. அளவு பிழைத்தால் திருப்பி அனுப்பும் கொரியர் காசு யார் தருவது?' ஒழுங்கான வியாபாரி அரை மணி நேரத்தில் அனுப்புவார்.

முழுக் காசை முதலில் போடாதீர்கள். கேஷ் ஒன் டெலிவரி என்றாலும் கொரியர் பையன் காசு வாங்க முன் பையைத் திறக்க விடமாட்டான், பாதி நேரம் லயம் வரை வராமல் சந்தியில் நின்றே கோல் எடுப்பான். பையைப் பிரிக்கும்போது அனுப்பியவர் விபரம் தெரிய வீடியோ எடுங்கள், உறையை எறியாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள். ஏமாந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் பேசலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி உடுப்பை வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். பேஜ் பெயர் மட்டும் போதாது, காசு போன வங்கிக் கணக்கின் சிலிப்பையும் இணையுங்கள்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் தையலை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஓவர்லொக் அடித்து கால் அங்குலம்தான் விட்டிருந்தால் பிரித்து விட ஒன்றுமில்லை. ஒரு அங்குலம் இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று அங்குலம்வரை கிடைக்கும். இல்லாவிட்டால் கக்கத்தில் நாலுக்கு நாலு அங்குலத்தில் சாய்சதுரத் துண்டு வைக்கலாம், கையும் மார்பும் ஒன்றாகவே தளரும். அதே துணி கடையில் கிடைக்காது. செட்டோடு வந்த சோலின் (துப்பட்டாவின்) ஓரத்திலிருந்துதான் வெட்ட வேண்டும், ஆகவே தைக்க வரும்போது சோலையும் கொண்டு வாருங்கள்.