ப்ராஜெக்ட் தலைப்பு தேட ஆர்க்கைவ் உதவுமா? நாலு மாதம் பயன்படுத்திய அனுபவம்

எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்ட் உண்டு. கைடிடம் போய் நின்றால் "நீயே ஒரு தலைப்போட வா, அப்புறம் பேசலாம்" என்று அனுப்பிவிட்டார். சீனியர்களைக் கேட்டால் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி நானோ துகள், மெல்லிய படலம் என்கிறார்கள். எனக்கோ வானியல்தான் வேண்டும். சரி என்று, எல்லாரும் கைகாட்டுகிற ஆர்க்கைவ் (arXiv) பக்கம் போனேன்.

தெரியாதவர்களுக்கு: ஆய்வுக் கட்டுரைகளை இதழில் அச்சாவதற்கு முன்பே போட்டுவைக்கிற இலவசக் கிடங்கு இது. 1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் தொடங்கினார், 2001இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது. பெயரில் இருக்கிற எக்ஸ், கிரேக்க எழுத்தான 'கை'. ஆர்க்சிவ் என்று வாசித்து வைவாவில் மாட்டிக்கொள்ளாதீர்கள், நான் மாட்டிக்கொண்டேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். காசு கிடையாது, படிக்கக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. இதழ்களின் தளத்தில் ஒற்றைக் கட்டுரைக்கு முப்பது டாலருக்கு மேல் கேட்பதைப் பார்த்துவிட்டு இங்கே வந்து அதே கட்டுரையின் பிடிஎஃப் ஒரே சொடுக்கில் இறங்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்கே தனியாக மார்க் போடலாம்.

ஆனால் தலைப்பு தேடப் போகிறவருக்கு இது முதல் கடை அல்ல. சூரியப்புள்ளி (சூரியன் மேல் கருப்பாகத் தெரிகிற திட்டு) என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஆயிரத்துக்கும் மேல் வந்து விழுகிறது, அதுவும் புதியது மேலே, பழையது கீழே. முதல் வாரம் ரொம்ப ஆர்வமாக, நம்ம ஊர் நேரத்துக்குக் காலை ஐந்தரைக்குப் புதுப் பட்டியல் வரும் என்று அலாரம் வைத்து எழுந்து (அமெரிக்காவில் குளிர்காலமென்றால் ஆறரை), சூரியன், விண்மீன்கள் பிரிவில் ஒவ்வொரு சுருக்கத்தையும் படித்தேன். ஒன்றும் ஏறவில்லை. மெகா சீரியலை எண்ணூறாவது எபிசோடில் இருந்து பார்க்கிற மாதிரிதான், யார் யாருக்கு மாமியார் என்றே தெரியாது.

வழி எங்கே கிடைத்தது என்றால், கட்டுரைப் பக்கத்தின் வலது ஓரத்தில். வானியல் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் அங்கே நாசா ஏடிஎஸ் (NASA ADS) என்று ஒரு இணைப்பு இருக்கும், வானியல் கட்டுரைகளைத் தேடுகிற இலவசத் தளம் அது. அதைத் தட்டினால் இந்தக் கட்டுரை யாரையெல்லாம் மேற்கோள் காட்டியிருக்கிறது, இதை யாரெல்லாம் காட்டியிருக்கிறார்கள் என்று இரண்டு பட்டியல் வரும். முதல் பட்டியலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்கலாம். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் பழைய படங்களை வைத்து எழுதிய ஒரு சமீபத்திய கட்டுரையில் கிளம்பி, நாலைந்து தாவலில் 1909இல் போய் நின்றேன். ஜான் எவர்ஷெட் அங்கே சூரியப்புள்ளிகளின் நிறமாலையைப் படம் எடுத்து, புள்ளியின் வெளிவளையத்தில் வாயு ஆரப்போக்கில் வெளிநோக்கி ஓடுகிறது என்று கண்டுபிடித்த கட்டுரை, ஸ்கேன் செய்த பக்கமாக அப்படியே. பேருந்தில் போய் வருகிற கொடைக்கானலில் நடந்த வேலை என்று பார்த்ததும் தூக்கம் போய்விட்டது.

தலைப்பும் அங்கேதான் கிடைத்தது. 1904 முதல் அந்த ஆய்வகம் எடுத்த சூரியப் படங்களை பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறது. ஒரு புள்ளி நேற்று இருந்த இடம், இன்று இருக்கிற இடம், நாளை இருக்கிற இடம் என்று அளந்தால் சூரியன் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கணக்குப் போடலாம். நடுக்கோட்டில் சுமார் 25 நாளில் ஒரு சுற்று, துருவம் பக்கம் போகப் போக நாள் கூடும். கைடிடம் சொன்னேன். "எத்தனை வருஷத்துப் படம் எடுக்கப்போறே?" என்றார். "நூறு வருஷம் சார்" என்றேன். சிரித்துவிட்டார். கடைசியில் இரண்டு வருடத்தில் நின்றது, அதற்கே கண் பூத்துவிட்டது.

ஆர்க்கைவ் மேல் இன்னொரு குறை, குறை என்பதைவிட எச்சரிக்கை. மேலோட்டமாகப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள், இதழ்களில் போல அதே துறை ஆட்கள் படித்துச் சரிபார்க்கிற சக அறிஞர் மதிப்பீடு கிடையாது. 2023 ஜூலையில் எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பத்திலேயே மீக்கடத்தி (மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்துவது) என்று போட்டார்களே, ஆகஸ்ட் முடிவதற்குள் மற்ற ஆய்வகங்கள் இல்லை என்று காட்டிவிட்டன. அந்தக் கட்டுரையும் இங்கேதான் வந்தது. எந்த இதழில் வெளியானது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பதிப்பு எண்ணையும் பாருங்கள். நான் வி1ஐப் பிரிண்ட் போட்டு அடிக்கோடிட்டுப் படித்து முடித்த பிறகுதான் தெரிந்தது, வி3இல் நான் எடுத்துக்கொண்ட அட்டவணையே மாறியிருக்கிறது.

அடிப்படை புரியவில்லையா, இரண்டு வழி. தலைப்புப் பெட்டியில் உங்கள் சொல்லோடு ரிவ்யூ அல்லது லெக்சர்ஸ் என்பதையும் ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடுங்கள், மாணவர்களுக்காக எழுதிய நீளமான குறிப்புகள் நிறைய கிடைக்கும். இன்னொன்று ஷோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாக இருக்கின்றன, முதல் அத்தியாயம் மட்டும் படித்தால் போதும், பின்னணி முழுக்க அதில் இருக்கும். தரம் ஏறும் இறங்கும், இரண்டு மூன்றைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

என் மார்க்: தலைப்பு தேட ஆர்க்கைவ் மட்டும் என்றால் பத்துக்கு ஐந்து. ஏடிஎஸ் துணையோடு என்றால் ஒன்பது. அந்த அலாரத்தை மட்டும் வைக்காதீர்கள், பட்டியல் எங்கேயும் ஓடிப்போகாது. வைத்தே தீருவேன் என்றால் சனி, ஞாயிறு காலையில் அணைத்துவிடுங்கள், அந்த இரண்டு நாளும் புதுப் பட்டியல் வராது.